வண்ண ஜேட் செடி: பச்சைக் கிளையைக் கண்டு ஏமாறாதீர்கள்

போன மாதம் கீழ்வீட்டுப் பெண் தன் தொட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தாள். "அக்கா, செடி நன்றாகப் பிடித்துவிட்டது, பாருங்கள். இரண்டே மாதத்தில் ஒரு சாண் வளர்ந்திருக்கிறது" என்றாள். முகமெல்லாம் பூரிப்பு. ஒரு சாண் வளர்ந்திருந்தது உண்மைதான். ஆனால் வளர்ந்தது எது என்று பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நான் அவளுக்கு நடக் கொடுத்த போத்தில், அதாவது வெட்டிய கிளைத் துண்டில், ஒவ்வோர் இலைக்கும் பால்வெள்ளை ஓரம் இருந்தது, நடுவில் பச்சை, வெயில் பட்ட நுனிகளில் இளஞ்சிவப்பு. இப்போது அதன் நடுவிலிருந்து பென்சில் தடிமனில் ஒரு கிளை விறைப்பாக நிமிர்ந்து நிற்கிறது. அதில் வெள்ளை ஓரம் கொண்ட இலை ஒன்றுகூட இல்லை. அத்தனையும் முழுப் பச்சை.

புதுவண்ணாரப்பேட்டையின் இதே மொட்டை மாடியில், இதே போன்ற கிளையைப் பார்த்து நானும் ஒரு காலத்தில் பூரித்துப்போனவள். அதற்கு நான் கொடுத்த விலை பெரிது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தண்ணீரை அளவாக ஊற்றுங்கள், அடியில் ஓட்டை இல்லாத பீங்கான் கிண்ணத்தில் நடாதீர்கள் என்பதை எல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவற்றுக்குள் நான் போகவில்லை. அதிகம் பேசப்படாத தவறுகளை மட்டும் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

எந்த ஜேட் என்று கேட்காமல் வாங்குவது

நம் ஊர் நர்சரிகளில் ஜேட் என்ற ஒரே பெயரில் இரண்டு செடிகள் விற்கிறார்கள். ஒன்று கிராசுலா ஓவேட்டா. இதுதான் உண்மையான ஜேட். இலை பெரிது, ரூபாய் நாணயத்தைவிட அகலம், தடித்த சாம்பல் பச்சைத் தண்டு. இதன் வண்ண வகை, அதாவது இலையில் பச்சையோடு வேறு நிறமும் கலந்த வகை, நம் புழுக்கத்தில் தவித்துப்போகும். இன்னொன்று போர்ச்சுலகேரியா ஆஃப்ரா. இலை கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கும். தண்டு ஒல்லியாக, செம்பழுப்பாக இருக்கும். தென்னாப்பிரிக்காவில் யானைகள் விரும்பித் தின்னும் புதர் இது. அங்கே ஸ்பெக்பூம் என்பார்கள், கொழுப்பு மரம் என்று பொருள். வடசென்னை மாடிக்கு ஏற்றது இதுதான். இனி நான் ஜேட் என்று சொல்வதெல்லாம் இதன் வண்ண வகையையே.

பச்சைக் கிளையை விட்டுவைப்பது

இலையில் வெள்ளையாகத் தெரியும் இடத்தில் பச்சையம் இல்லை. செடியின் வளர்நுனியில் உயிரணுக்கள் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. அவற்றில் ஓர் அடுக்கு பச்சையம் செய்யும் திறனை இழந்தது. மற்றது அந்தத் திறனோடு இருப்பது. நம் பேட்டைகளின் ஒண்டுக்குடித்தனம் போல இரண்டும் ஒரே நுனியில் நெருங்கி வாழ்கின்றன. தாவரவியலில் இதைக் கைமெரா என்கிறார்கள். அந்த இரண்டு குடித்தனமும் சேர்ந்து இருக்கிறவரைதான் வெள்ளை ஓரம். ஒரு கணுவில் புது மொட்டு கிளம்பும்போது அடுக்கு சற்றே பிசகி, பச்சை அணுக்கள் மட்டும் அந்த மொட்டுக்குள் அமைந்துவிட்டால், பிறக்கும் கிளை முழுப் பச்சையாக இருக்கும். அதிலிருந்து கிளைப்பவையும் பச்சைதான்.

இதில் நோய் எதுவும் கிடையாது, கிளை நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது. சிக்கலே அதில்தான். முழு இலையும் பச்சையம் என்பதால் அது கூடுதலாக உணவு தயாரிக்கிறது, வேகமாக வளர்கிறது, பக்கத்துக் கிளைகளின் மேல் நிழலை விரிக்கிறது. பாதி இலையை வைத்துச் சமைத்துச் சாப்பிடும் வண்ணக் கிளையால் அதனோடு போட்டி போட முடியாது.

என் செடியை 2017-ல் தள்ளுவண்டிக்காரர் ஒருவரிடம் விரல் நீளப் போத்தாக வாங்கினேன். மூன்று ஆண்டில் முழ உயரத்துக்கு வந்து, தொட்டியைச் சுற்றிலும் வழிந்து தொங்கியது. மாடிக்கு வருகிற யாரும் அதைத் தொட்டுப் பார்க்காமல் போனதில்லை. அப்போதுதான் அடியில் பச்சைக் கிளை ஒன்று கிளம்பியது. செடி திடீரென்று செழித்துவிட்டது என்றே நினைத்தேன். எதிர்வீட்டு அத்தை வந்து பார்த்துவிட்டு, "வீட்டில் லட்சுமி ஏறுகிற மாதிரி ஏறுகிறது, இதில் போய்க் கத்தி வைக்காதே" என்றார். ஜேட் காசு சேர்க்கும் செடி என்று ஒரு நம்பிக்கை உண்டல்லவா, தழைக்கிற கிளையை வெட்ட யாருக்கும் மனம் வராது. எனக்கும் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து அது மற்ற கிளைகளைத் தாண்டியபோது, உயரத்தைக் குறைத்தால் போதும் என்று நுனியை மட்டும் கிள்ளினேன். அடுத்த தவறு அது. இந்தச் செடியில் இலைகள் எதிரெதிராக அமைந்தவை. ஒவ்வொரு கணுவிலும் இரண்டு மொட்டுகள் தூங்கிக்கொண்டிருக்கும். நுனியைக் கிள்ளினால் அவை விழித்துக்கொள்ளும். ஒரு பச்சைக் கிளை நான்கானது, நான்கு பத்தானது. வடகிழக்குப் பருவமழை முடிந்து தை பிறந்தபோது வண்ணக் கிளைகள் அடியில் இலை உதிர்ந்து குச்சிகளாக நின்றன.

அந்த நேரம் பார்த்து, பெரம்பூரில் ஒரு வீட்டு வளைகாப்புக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க நாற்பது சிறு தொட்டிகள் தருவதாக முன்பணம் வாங்கியிருந்தேன். தொட்டிகளும் வாங்கி அடுக்கியாகிவிட்டது. தாய்ச்செடியில் நடுவதற்குத் தகுந்த வண்ணப் போத்துகள் ஆறுகூடத் தேறவில்லை. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பணத்தைவிட, அந்த வீட்டு அம்மாவின் ஏமாற்றமான முகம்தான் இன்னும் மனதில் நிற்கிறது. ஒரு பிளேடும் ஐந்து நிமிடமும் இருந்திருந்தால் மூன்று ஆண்டு உழைப்பு தப்பியிருக்கும். அதனால்தான் இன்றைக்கும் யாராவது பச்சைக் கிளையைக் காட்டி "எப்படித் தழைக்கிறது பாருங்கள்" என்றால் எனக்குப் பொறுக்கவில்லை.

வெட்டும் முறை இது. பச்சைக் கிளையை நுனியிலிருந்து கீழ்நோக்கித் தடவிக்கொண்டே வாருங்கள். அது பிரியும் கவட்டை வரும். அங்கே, தண்டோடு ஒட்டி, கட்டை எதுவும் நீட்டிக்கொண்டு நிற்காதபடி வெட்டுங்கள். அரை விரல் கட்டையை விட்டால், அதன் கணுவிலிருந்து மறுபடியும் பச்சையே துளிர்க்கும். தாய்க் கிளையே பச்சையாக மாறியிருந்தால், வெள்ளை ஓரம் கொண்ட இலை ஜோடி கண்ணில் படும்வரை இன்னும் கீழே இறங்கி, அந்தக் கணுவுக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும். ஜோடியில் ஓர் இலை வண்ணமாகவும் மற்றது பச்சையாகவும் இருந்தால் அந்தக் கணுவையும் நம்பாதீர்கள். இளங்கிளை என்றால் பிளேடுகூட வேண்டாம், முற்றாத வெண்டைக்காய் போலச் சட்டென்று ஒடியும். வெட்டிய இடத்தில் நீர் கசியும், பால் வடியாது. பால் வடிந்தால் நீங்கள் வைத்திருப்பது கள்ளி இனத்தில் ஏதோ ஒன்று.

வெயிலில் வைத்தால் பச்சைக் கிளைக்கு நிறம் திரும்பும் என்று சிலர் காத்திருக்கிறார்கள். திரும்பாது. நல்ல வெளிச்சம் கொடுப்பது இலை ஓரத்து இளஞ்சிவப்பை மட்டுமே. அது பீட்ரூட்டில் இருக்கும் வகையைச் சேர்ந்த நிறமி. வெளிச்சத்துக்கு ஏற்பக் கூடும், குறையும். பச்சையை வெள்ளையாக்க எந்த வெயிலாலும் எந்த உரத்தாலும் ஆகாது.

வெட்டியதைத் தூக்கிப் போட வேண்டாம். வேறு தொட்டியில் நட்டால் திடமான பச்சைச் செடியாக வளரும்.

முழு வெள்ளைப் போத்தை நடுவது

பச்சையே இல்லாத, பாலும் ரோஜாவுமாக மின்னும் கிளைகளும் சில சமயம் வரும். கண்ணைப் பறிக்கும். அவை தாய்ச்செடி ஊட்டுவதால் உயிர் வாழ்கின்றன. வெட்டி நட்டால் தண்டில் சேர்த்த நீர் தீரும்வரை நிற்கும், பிறகு சுருங்கிச் சாகும். தாயிடமே விட்டுவையுங்கள்.

ஸ்நேக் பிளான்ட் இலையைத் துண்டு போடுவது

கைமெரா கதை இங்கும் உண்டு. மஞ்சள் ஓரம் கொண்ட லாரன்டி வகையின் இலையைத் துண்டு போட்டு நட்டால் வேர் பிடிக்கும், குட்டியும் வரும். குட்டிக்கு மஞ்சள் ஓரம் இருக்காது. ஓரம் வேண்டுமென்றால் அடிக்கிழங்கைப் பிரித்துத்தான் நட வேண்டும்.

ஆர்ஓ கழிவு நீரை ஊற்றுவது

தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் செய்கிறார்கள். ஆனால் ஆர்ஓ இயந்திரம் பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்தக் கழிவு நீரில்தான் சேர்ந்திருக்கிறது. திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் பல வீட்டு ஆழ்துளைக் கிணறுகளில் நீர் ஏற்கெனவே உப்பு. மீஞ்சூர் வட்டாரத்தில் அளவுக்கு மீறி உறிஞ்சியதால் நிலத்தடி நீருக்குள் கடல் நீரே ஏறியிருக்கிறது. அந்த நீரை வடிகட்டி மிஞ்சியதைத் தொட்டியில் ஊற்றினால் என்ன ஆகும்? காலடிப்பேட்டையில் துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மாமா ஒருவரின் தொட்டிகளைப் பார்த்தேன். விளிம்பைச் சுற்றிலும் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளைப் பொருக்கு. நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. இலைகளில் வெள்ளை ஓரம்தான் முதலில் கருகியிருந்தது. மழைநீரைப் பிடித்து, தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு ஊற்றி, அடியில் முழுக்க வடியவிடச் சொன்னேன். இப்போது அவர் ஏசியிலிருந்து சொட்டும் நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறார். அது காற்றின் ஈரம் குளிர்ந்து சேர்ந்த நீர், உப்பு இல்லை.

புயலுக்குப் பயந்து இருட்டில் பூட்டுவது

2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது தொட்டிகளை எல்லாம் மாடிப்படிக்குக் கீழே கொண்டுபோய் வைத்தேன். மழையிலிருந்து காத்தது சரிதான். ஆனால் மின்சாரம் வந்து, தெருவில் தண்ணீர் வடிந்து, வீட்டு வேலையெல்லாம் முடித்து, செடிகளின் நினைவு வர ஒன்பது நாள் ஆகிவிட்டது. படிக்கட்டெல்லாம் உதிர்ந்த இலை. மழை படாத, ஆனால் வானம் தெரியும் இடம் வேண்டும்: ஜன்னல் சன்ஷேடுக்குக் கீழே, தகரக் கூரையின் விளிம்பு, பால்கனி ஓரம். அப்படி ஓர் இடத்தை ஐப்பசிக்கு முன்பே பார்த்து வைத்துவிடுங்கள்.

கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியைச் சிமெண்டுத் தளத்தில் வைப்பது

வேர் வெந்துவிடும். செங்கல் மேல் வையுங்கள். மே 4 முதல் 28 வரை கத்திரி வெயிலில், காலை பத்து மணிக்குப் பிறகு நிழல்வலை அவசியம்.

சாயம் தெளித்த செடி

வாங்காதீர்கள்.

சிவப்புத் தலைக் கள்ளி

அந்தச் சிவப்பு உருண்டைக்குப் பச்சையம் கிடையாது. டிராகன் பழ இனத் தண்டில் ஒட்டுக் கட்டி விற்கிறார்கள். அடித்தண்டு அழுகினால் இரண்டும் போயின.

வெட்டிய கையோடு தண்ணீர் ஊற்றுவது

வெட்டுக்காயம் ஆற வேண்டும். தாய்ச்செடிக்கு ஐந்து நாள் தண்ணீர் காட்டாதீர்கள். வெட்டிய போத்தையும் நிழலில் அதே ஐந்து நாள் காயவிட்டு, முனை வறண்டு தோல் கட்டிய பிறகு நடுங்கள். புழுக்கம் மிகுந்த நாட்களில் ஒரு வாரம். கீழ்வீட்டுப் பெண்ணின் பச்சைக் கிளையை அன்றே என் மாடியில் வைத்து வெட்டினோம். பிளேடை அவளிடமே கொடுத்தேன். கை நடுங்கியது, ஆனாலும் கவட்டையோடு ஒட்டி வெட்டினாள். ஐந்து நாள் பொறுத்திருந்தாள். பன்னிரண்டாம் நாள் தொட்டியை மறுபடியும் மேலே கொண்டு வந்தாள். வெட்டுக்குக் கீழே இருந்த கணுவில் கடுகளவு இரண்டு மொட்டுகள். ஒன்றில் வெள்ளைக் கோடு தெரிகிறது. மற்றது இலை விரியும்வரை சொல்ல முடியாது. பச்சையாக விரிந்தால் உடனே அடியோடு கிள்ளச் சொல்லியிருக்கிறேன்.