தொலைமருத்துவ ஆலோசனை: அழைப்புக்கு முன்னும் பின்னும் நேரும் தவறுகள்

காய்ச்சல், தொண்டை வலி, தோல் தடிப்பு, சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் போன்றவை பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தானவை அல்ல என்றாலும், நாள் கணக்கில் தள்ளிப்போடக் கூடியவையும் அல்ல. இவற்றுள் பலவற்றுக்கு வீடியோ அழைப்பில் மருத்துவரைக் கலந்தாலோசிப்பதே போதும். ஆனால் திரைக்கு அப்பால் இருக்கும் மருத்துவரால் பார்க்கவும் கேட்கவும் மட்டுமே முடியும். வயிற்றை அழுத்திப் பார்க்கவோ காதுக்குள் நோக்கவோ இயலாது. இதை மறப்பதால்தான் தவறுகள் நேருகின்றன.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, அழைக்கவே கூடாத நேரத்தில் அழைப்பது. நெஞ்சை அழுத்தும் வலி, மூச்சுத் திணறல், முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை திடீரெனத் தளர்தல், பேச்சு குழறுதல் ஆகியவற்றுக்கு ஆம்புலன்ஸைத்தான் அழைக்க வேண்டும். பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தொடங்கியதிலிருந்து பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும் என்பதால், இணைப்புக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் இழப்பே. மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் இருந்தாலும் உடனே நேரில்தான் காட்ட வேண்டும்.

அடுத்தது, அளக்காமல் பேசுவது. ‘உடம்பு அனலாகக் கொதிக்கிறது’ என்பதைவிட, எத்தனை மணிக்கு எத்தனை டிகிரி இருந்தது, அதற்கு முன் பாராசிட்டமால் விழுங்கியிருந்தாரா என்பதே மருத்துவருக்குப் பயன்படும். ஆக்சிஜன் அளவைக் காட்டும் விரல் கருவியையும் கண்மூடி நம்பலாகாது: நகப்பூச்சும் குளிர்ந்த விரலும் அளவைப் பிறழச் செய்யும், கருநிறத் தோலில் உண்மையைவிடக் கூடுதலான அளவைக் காட்டவும் கூடும். குழந்தையை வேறு அறையில் உறங்கவிட்டுப் பெற்றோர் மட்டும் பேசுவதும் இதே வகைதான். மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளுக்கிடையே குழி விழுகிறதா என்பதை மருத்துவர் தம் கண்ணால் பார்த்தாக வேண்டும். தோல் தடிப்பையோ பகல் வெளிச்சத்தில், அது தெரியும்போதே படமெடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

வழக்கமாக உண்ணும் மாத்திரைகளைச் சொல்லாமல் விடுவது பலருக்கும் அற்பமாகத் தோன்றுகிறது. இருமலுக்கும் இரத்த அழுத்த மாத்திரைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பார்கள். எனலாப்ரில், ராமிப்ரில் போன்றவை தாமே விடாத வறட்டு இருமலை உண்டாக்கக் கூடியவை. இரத்தம் உறையாமல் காக்கும் மருந்தை உண்பவர் அதைச் சொல்லாமல் இபுபுரூஃபன் என்னும் வலி நிவாரணியை வாங்கி விழுங்கினால் இரத்தக்கசிவில் முடியலாம். கர்ப்பத்தையும் ஒவ்வாமையையும் மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல் நாமே சொல்லிவிட வேண்டும்.

ஆன்டிபயாட்டிக் எழுதித் தருமாறு வற்புறுத்துவது இன்னொரு தவறு. சளி வைரஸால் வருவது. அதன்மேல் அம்மருந்து வேலை செய்யாது. தொண்டை வலி பாக்டீரியாவால் வந்ததா என்பதை உறுதிசெய்யத் தொண்டையைப் பஞ்சால் தடவி மாதிரி எடுக்கும் சோதனை தேவைப்படலாம். எனவே ‘நேரில் வாருங்கள்’ என்று மருத்துவர் சொன்னால் ஆலோசனை வீணாயிற்று என்று சலித்துக்கொள்வது சரியன்று. கேட்டவுடன் மருந்தெழுதும் மருத்துவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

அழைப்பை முடிக்கும் முன், எத்தனை நாளில் குணம் தெரிய வேண்டும், எது நேர்ந்தால் நேரில் போக வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளாமல் விடுபவர்களே மிகுதி. சிறுநீர் எரிச்சலுக்கு மருந்து பெற்றவருக்கு நடுக்கத்துடன் காய்ச்சலோ, விலாப்புற வலியோ, வாந்தியோ தொடங்கினால், தொற்று சிறுநீரகத்தை எட்டியிருக்கக் கூடும். மாத்திரை முடியட்டும் என்று காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.