மழை விட்ட நேரத்தில் பறப்பது எப்படி? இங்கிலாந்துக் கோடையில் இருவராகப் பாராகிளைடிங் தொடங்குவோருக்கு ஒரு செய்முறை விளக்கம்

துணிச் சிறகின் கீழ்த் தொங்கியபடி குன்றிலிருந்து ஓடிக் கிளம்பிப் பறக்கும் பாராகிளைடிங்கை இங்கிலாந்தில் பழக விரும்பும் தம்பதியர் எங்களிடம் முதலில் கேட்பது உயரத்தைப் பற்றியோ ஆபத்தைப் பற்றியோ அல்ல, "இந்த மழையில் எப்போதுதான் பறப்பீர்கள்?" என்பதையே கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. 2007ஆம் ஆண்டின் மே முதல் ஜூலை வரையான காலம், 1766இல் பதிவுகள் தொடங்கியதிலிருந்து இங்கிலாந்தும் வேல்சும் கண்டவற்றுள் மிக அதிக மழை பெய்த மே-ஜூலை ஆகும். 2012ஆம் ஆண்டுக் கோடையோ நூறாண்டுகளில் மிக ஈரமானது. இருந்தாலும் கோடை மழை நாள் முழுவதும் பெய்வது அரிது, பகலோ மிக நீளமானது. ஜூன் இறுதியில் தென் இங்கிலாந்தில் சூரியன் இரவு ஒன்பதே காலுக்குப் பிறகே மறைகிறது என்பதால், மாலை ஐந்து மணிக்கு மழை விட்டாலும் பறப்பதற்கு நான்கு மணி நேரம் இருக்கிறது. அந்த நான்கு மணி நேரத்துக்கு நானும் என் கணவரும் எப்படி ஆயத்தமாகிறோம் என்பதைச் சசெக்ஸ் குன்றுகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: பள்ளியில் சேர்தல்

எந்திரமில்லாமல், ஓடிக் கிளம்பும் பாராகிளைடருக்குப் பிரிட்டனில் அரசு உரிமம் தேவையில்லை. இதைக் கேட்டதும் இணையத்தில் ஒரு பழைய சிறகை வாங்கிக்கொண்டு குன்றேறிவிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். லெஸ்டர் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பிரிட்டிஷ் ஹேங் கிளைடிங் மற்றும் பாராகிளைடிங் சங்கம் அங்கீகரித்த பள்ளியில் சேர்ந்து, முதலில் 'எலிமென்டரி பைலட்', அடுத்து 'கிளப் பைலட்' என்ற இரண்டு நிலைகளையும் முடிக்க வேண்டும். சங்க உறுப்பினராக இருந்தால்தான் பிறருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு கிடைக்கும்; அது இல்லாதவரை எந்தக் குன்றிலும் எந்த மன்றமும் பறக்க விடாது. கிளப் பைலட் ஆனபின் சில காலம் ஹார்னஸில் (பறப்பவர் அமரும் பட்டை இருக்கையில்) ஒரு சிவப்பு நாடாவைக் கட்டிக்கொள்வது இங்குள்ள வழக்கம். 'இவர் புதியவர், இடம் விட்டுப் பறங்கள்' என்பது அதன் பொருள். கூச்சப்படாமல் கட்டிக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கென்று ஒரே வாரத்தை மொத்தமாக விடுப்பெடுத்து ஒதுக்குவது ஈரக் கோடையில் பெரும்பாலும் வீணாகும். வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவுக்குள் உள்ள பள்ளியைத் தேர்ந்தெடுத்து, காலையில் அவர்கள் அழைத்தால் போகும்படி ஒற்றை நாள்களாகச் சேர்த்துக்கொள்வதே நல்லது. இருவரும் ஒரே நாளில் சேர்ந்தாலும் ஒருவர் முந்துவார், மற்றவர் பிந்துவார். எங்கள் வீட்டில் பிந்தியவர் நான் அல்ல என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இரண்டாம் படி: ஆளுக்கொரு சிறகு

தம்பதியர் மிகுதியாகச் செய்யும் பிழை, செலவைக் குறைக்க ஒரே சிறகை வாங்கி மாற்றி மாற்றிப் பறக்கலாம் என்று திட்டமிடுவதுதான். ஒவ்வொரு சிறகுக்கும் ஓர் எடை வரம்பு உண்டு. அந்த எடையில் உங்கள் உடல் மட்டுமல்லாமல் ஹார்னஸ், தலைக்கவசம், உடைகள், அவசரப் பாராசூட், சிறகு ஆகிய அனைத்தும் அடங்கும். வரம்பைவிட எடை குறைந்தால் சிறகின் வேகம் குறையும், கொந்தளிப்பான காற்றில் அது மடியும் வாய்ப்பும் கூடும். எடை மிகுந்தால் ஒவ்வொரு அசைவும் தொடக்கநிலையாளருக்கு ஒவ்வாத விரைவோடு நிகழும். இருவருக்கும் ஏறத்தாழ ஒரே எடை இருந்தாலன்றி ஒரு சிறகு இருவருக்குப் பொருந்தாது. பயிற்சி முடியும் வரை பள்ளியின் கருவிகளையே பயன்படுத்துங்கள். வாங்கும்போது தொடக்கநிலையாளருக்கான 'ஈஎன் ஏ' என்ற பாதுகாப்புப் பிரிவைச் சேர்ந்ததைப் பயிற்றுநரின் ஆலோசனையுடன் வாங்குங்கள்.

மூன்றாம் படி: வானிலையைப் படித்தல்

தொடக்கநிலையாளர்கள் மழைக் குறியீட்டை மட்டும் பார்த்துவிட்டுக் கைபேசியை மூடிவிடுகிறார்கள். முந்தைய இரவு வானிலை அலுவலகத்தின் அழுத்த வரைபடத்தைப் பார்த்து, குளிர்முகப்பு (வெதுவெதுப்பான காற்றைத் தள்ளிக்கொண்டு வரும் குளிர்காற்றின் முன்விளிம்பு) எப்போது கடந்து போகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அது வருமுன் தென்மேற்கிலிருந்து வெதுவெதுப்பான ஈரக் காற்று வீசும், மேகம் குன்றின் மேலேயே படுத்திருக்கும், தூறல் ஓயாது. முகப்பு கடந்ததும் காற்று வடமேற்குக்குத் திரும்பும், தூசும் மூட்டமும் விலகிக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெளியும், பஞ்சுப்பொதி போன்ற மேகங்கள் எழும். உடனே ஓடிவிடக் கூடாது. முகப்புக்குப் பிந்தைய முதல் சில மணி நேரம் காற்று கடுமையாகவும் சிதறல் மழையோடும் இருக்கும். அடுத்த உயரழுத்தம் நெருங்கி, காற்று தணியத் தொடங்கும் நேரமே நாம் காத்திருந்தது.

காற்று திரும்பும்போது குன்றும் மாற வேண்டும். சவுத் டவுன்ஸ் மலைத்தொடரில் லூயிஸ் நகருக்கு அருகிலுள்ள மவுண்ட் கேபர்ன் தெற்கும் தென்மேற்கும் சார்ந்த காற்றுக்கு ஏற்றது. பிரைட்டனுக்கு வடக்கே உள்ள டெவில்ஸ் டைக் வடமேற்கும் வடக்கும் சார்ந்த காற்றுக்கு ஏற்றது. காலையில் ஒன்றில் மூடுபனியைப் பார்த்துவிட்டு மாலையில் மற்றொன்றில் பறந்த நாள்கள் எங்களுக்கு உண்டு.

மேக அடியின் உயரத்தை வீட்டிலிருந்தே கணக்கிட ஓர் எளிய வழி இருக்கிறது. வெப்பநிலையிலிருந்து பனிநிலையை (காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலையை) கழித்து, வரும் எண்ணை 400ஆல் பெருக்கினால், தரையிலிருந்து மேக அடி எத்தனை அடி உயரத்தில் இருக்கும் என்பது தோராயமாகக் கிடைக்கும். வெப்பநிலை 18 டிகிரி செல்சியஸ், பனிநிலை 13 டிகிரி என்றால் 2,000 அடி. அது நல்ல மாலை. வெப்பநிலை 16, பனிநிலை 14 என்றால் 800 அடிதான். டெவில்ஸ் டைக் உச்சியே ஏறத்தாழ 700 அடி உயரம் என்பதால், அன்றைக்கு வீட்டில் தேநீர் போடலாம்.

காற்றின் வேகத்தில் எந்தச் சமாதானமும் செய்துகொள்ளாதீர்கள். தொடக்கநிலைச் சிறகு பிரேக் (சிறகின் பின்விளிம்பைக் கீழிழுக்கும் கைக்கயிறு) பிடிக்காத நிலையில் மணிக்குச் சுமார் 22 முதல் 24 மைல் வேகத்தில்தான் பறக்கும். காற்று குன்றின் முகட்டைத் தாண்டும்போது நெருக்கப்பட்டு இன்னும் வேகமெடுக்கும். எதிர்க்காற்று உங்கள் வேகத்தை மிஞ்சினால் நீங்கள் பின்னோக்கித் தள்ளப்பட்டு, முகட்டுக்குப் பின்புறம் சுழலும் கொந்தளிப்பில் விழுவீர்கள். புறப்படும் இடத்தில் மணிக்கு 15 மைலைத் தாண்டினால் நாங்கள் சிறகை விரிப்பதே இல்லை. 10 மைலும் 18 மைலுமாக மாறி மாறி வீசினால் சராசரியைப் பார்த்து ஏமாறுவதும் இல்லை.

நான்காம் படி: ஒருவர் மறுத்தால் இருவரும் பறப்பதில்லை

இந்த விதியை முதல் நாளே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். காரணம் கேட்கவும் கூடாது, திரும்பும் வழியில் குத்திக்காட்டவும் கூடாது. காருக்கு எரிபொருள் போட்டு, சேற்றில் இருபது கிலோ பையைச் சுமந்து ஏறிய பிறகு, "வந்ததே வந்தோம், ஒரு தடவை" என்ற ஆசை எவருக்கும் வரும். இணையாக வருவதன் உண்மையான பயன், அந்த ஆசை இருவருக்கும் ஒரே நேரத்தில் வருவது குறைவு என்பதுதான்.

புறப்படுமுன் ஒவ்வொருவரும் தம் கருவிகளைத் தாமே சரிபார்த்து, அதன் பிறகே மற்றவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும்; அவர் பார்ப்பார் என்று இவரும் இவர் பார்ப்பார் என்று அவரும் விட்டுவிட்டால் இருவர் இருந்தும் பயனில்லை. கால்பட்டைகளிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் அவற்றை மாட்டாமல் கிளம்புவதே உயிரைப் பறிக்கும் மறதி. பின்னர் மார்புப் பட்டை, தலைக்கவசம், அவசரப் பாராசூட்டின் ஊசி, இணைப்பு வளையங்கள், கயிறுகளில் சிக்கல், இறுதியாகக் காற்றும் வானும். இந்நேரத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால், முடிந்தபின் முதலிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.

முகட்டோரம் எதிரெதிரே வரும்போது, குன்றைத் தம் வலப்பக்கத்தில் கொண்டிருப்பவருக்கே முன்னுரிமை. அவரால் வலப்புறம் விலக முடியாது என்பதால் மற்றவர்தான் விலக வேண்டும். உங்கள் துணைவருக்கும் இது பொருந்தும்.

ஐந்தாம் படி: மழை வருவதற்கு முன்பே இறங்குதல்

நனைந்தபின் இறங்குவது காலம் கடந்த செயல். சிறகின் மேற்பரப்பில் நீர்த்துளிகள் ஒட்டினால் காற்றோட்டம் எளிதில் துணியை விட்டுப் பிரிந்துவிடும். வழக்கமாக எந்தத் தீங்கும் செய்யாத அளவு பிரேக் பிடித்தாலே சிறகு முன்னோக்கிப் பறப்பதை நிறுத்தி, பாராசூட்டைப் போல் நேராகக் கீழிறங்கத் தொடங்கலாம். அதற்கும் முன்னதாகவே, மழைமேகத்திலிருந்து கீழே கொட்டும் குளிர்காற்று தரையில் பரவி, மழைத்திரைக்குப் பல மைல் முன்னால் ஓடி வரும். ஆகவே காற்று வரும் திசையில் மேக அடி கறுத்து, அதன் கீழே சாம்பல் நிறத்திரை தொங்குவதைக் கண்டால், அது எவ்வளவு தொலைவில் இருந்தாலும் இறங்கத் தொடங்குங்கள். காற்று திடீரென்று நின்றுவிடுவதும் அதே எச்சரிக்கைதான். தப்பித் தவறி நனைந்துவிட்டால் பிரேக்கை மிகக் குறைவாகப் பயன்படுத்தி, சிறகின் முனைகளை மடக்கி இறங்கும் முறையைத் தவிர்த்து, வேகத்தைக் காத்தபடி திறந்த வயலுக்குப் போங்கள்.

ஆறாம் படி: பறக்காத நாள்கள்

பறக்க முடியாமல் காத்திருப்பதற்குப் பாராகிளைடிங் வட்டாரத்தில் 'பாராவெயிட்டிங்' என்று கேலிப்பெயர் உண்டு. தூறல் இல்லாமல் மணிக்கு 8 முதல் 12 மைல் வரை சீராகக் காற்று வீசும் நாளில், மரங்களில்லாத சமதள மைதானத்தில் சிறகை எழுப்பித் தலைக்கு மேல் நிறுத்திப் பழகுங்கள். தலைக்கவசமும் ஹார்னஸும் அங்கும் கட்டாயம். ஒருவர் பயிற்சி செய்யும்போது மற்றவர் சிறகை விரித்துக் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் இருமடங்கு பழகலாம்.

மழை சிறிதாக இருந்தால் நாங்கள் நடக்கப் போவோம். வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை நூறு மைல் நீளும் சவுத் டவுன்ஸ் பாதை டெவில்ஸ் டைக் வழியாகவே செல்கிறது. தரையிறங்கும் வயலில் இந்த மாதம் பயிர் நிற்கிறதா, மின்கம்பி எந்த வேலியை ஒட்டி ஓடுகிறது, காளை எந்தப் புலத்தில் மேய்கிறது என்பனவெல்லாம் நடந்தால்தான் தெரியும். நனைந்த சுண்ணாம்புத் தரை சவர்க்காரம் போல் வழுக்கும். நல்ல காலணி வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் வெயில் எட்டிப்பார்த்தால் சாக்ஹில் புளூ என்னும் வெளிர்நீல வண்ணத்துப்பூச்சிகளைப் புல்லில் காணலாம். வானில் பஸர்ட் கழுகு இறக்கையடிக்காமல் வட்டமிட்டு ஏறினால், அங்கே சூடான காற்று எழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: சிறகை உலர்த்துதல்

முதல் கோடையில் நனைந்த சிறகை மடித்துக் காரின் பின்புறத்தில் போட்டுவிட்டு இரண்டு நாள் மறந்திருந்தேன். பையைத் திறந்தபோது வந்த பூசண வாடை அந்த ஆண்டு முழுவதும் போகவில்லை. இப்போது வீடு திரும்பியதும், கால் கழுவுவதற்கு முன்பே, மாடிப்படியின் கைப்பிடியில் சிறகைத் தளர்வாகத் தொங்கவிடுகிறோம். வெயிலில் உலர்த்தினால் புற ஊதாக்கதிர் துணியைக் கெடுக்கும். ஹீட்டருக்கு அருகில் வைத்தால் மேற்பூச்சு கெடும். நிழலும் திறந்த ஜன்னலும் போதும். தொங்கவிடுமுன் சிறகின் அறைகளைப் பின்விளிம்பிலிருந்து முன்வாய்ப் பக்கமாக உதறி, உள்ளே சிக்கிய வெட்டுக்கிளிகளை வெளியேற்றிவிடுங்கள். இல்லையென்றால் அவை உள்ளேயே இறந்து அழுகித் துணியை அரிக்கும். சென்ற ஜூலையில் ஒரே மாலையில் ஏழு கிடைத்தன; அவற்றில் ஒன்று மட்டும் மூன்று நாள் எங்கள் படிக்கட்டிலேயே குடியிருந்தது.