வெளிநாட்டில் படிக்கப் போனவருக்கு முதல் மாதம்: எதை எந்த வரிசையில் செய்வது?

விசா கைக்கு வரும்வரை வழிகாட்ட ஊர்ப்பட்ட பேர் இருக்கிறார்கள். போய் இறங்கிய மறுநாள் துணியை எப்படித் துவைப்பது என்று சொல்லத்தான் ஆளில்லை. நான் போனபோது எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் முடித்துவிடலாம் என்று ஓடினேன். பாதி வேலையை இரண்டாவது முறை செய்ய வேண்டியதாகிவிட்டது. வரிசை தெரிந்திருந்தால் அந்த அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

படி 1: முதலில் தூக்கம்

நேர வித்தியாசத்துக்கு உடம்பு பழக, ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். நம் உள்கடிகாரத்தின் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளம். அதனால் மேற்கே பறந்தவர்களுக்குக் கொஞ்சம் சுலபம், கிழக்கே பறந்தவர்கள் பாடு திண்டாட்டம். பகல் வெளிச்சத்தில் வெளியே நடங்கள். கண் சொக்கினால் அரை மணிக்கு அலாரம் வைத்துவிட்டுப் படுங்கள். இந்த நாட்களில் வாடகை ஒப்பந்தத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். அரைத்தூக்கத்தில் படித்த நிபந்தனை எதுவும் மனதில் நிற்காது.

படி 2: காகித வேலை

தலைவலி பிடித்த படி இதுதான். வங்கிக்குப் போனால் முகவரிச் சான்று கேட்பார்கள். வீட்டுக்காரரிடம் போனால் வங்கிக் கணக்கு இருக்கிறதா என்பார். இந்தச் சுழலிலிருந்து வெளியே வர, பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போங்கள். நீங்கள் அங்கே படிக்கிறீர்கள், இன்ன முகவரியில் இருக்கிறீர்கள் என்று ஒரு கடிதம் கேளுங்கள். பல இடங்களில் அது ஒன்றே போதும். இரண்டு பிரதியாக வாங்குங்கள்.

அப்படியே கெடு தேதிகளையும் விசாரித்துவிடுங்கள். ஜெர்மனியில் குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். பிரான்ஸில் நீண்டகால மாணவர் விசாவை, வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இணையத்தில் உறுதிப்படுத்த வேண்டும். ஒவ்வொரு நாட்டுக்கும் இப்படி ஏதோ ஒன்று இருக்கும்.

எல்லாப் படிவத்திலும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். இனிஷியலை ஓரிடத்தில் விரித்தும் இன்னோரிடத்தில் சுருக்கியும் எழுதினால், கணினிக்கு நீங்கள் இரண்டு ஆட்கள்.

படி 3: முகவரியை வாயால் சொல்லிப் பழகுங்கள்

சிரிக்காதீர்கள். அவசர எண் எல்லோருக்கும் தெரியும்: ஐரோப்பிய ஒன்றியத்தில் 112, அமெரிக்காவில் 911, பிரிட்டனில் 999, ஆஸ்திரேலியாவில் 000. ஆனால் பதற்றத்தில் உங்கள் தெருப் பெயரை எதிர்முனையில் இருப்பவருக்குப் புரியும்படி சொல்ல முடியுமா? அறையில் தனியாக நான்கு முறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

படி 4: லேபிளைப் படியுங்கள்

முதல் ஒரு மாதம் நான் துணி துவைத்தது வெறும் ஃபேப்ரிக் கண்டிஷனரில், அதாவது துவைத்த துணிக்கு மென்மையும் மணமும் தரும் திரவத்தில். பாட்டில் நீலமாக இருந்தது, மேலே பஞ்சுபோன்ற துண்டுப் படம், எழுத்து புரியாத மொழி. சட்டைகள் கமகமவென்று மணத்தன. காலர் அழுக்கு மட்டும் அசையவே இல்லை. மெஷின்தான் சரியில்லை என்று ஊரெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தேன். எதிர் அறைக்காரர் பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் தன் சோப்புத்தூளை நீட்டினார்.

மொழிபெயர்ப்புச் செயலியின் கேமராவை லேபிள்மேல் காட்டுங்கள். கூடவே கடை, துவைப்பு, மருந்து என்று இருபது சொற்களை நோட்டில் எழுதி வையுங்கள். தள்ளு, இழு என்பதற்கான சொற்களும் அதில் இருக்கட்டும். கதவோடு மல்லுக்கட்டி நின்றவன் சொல்கிறேன்.

படி 5: ஒரே இடம், ஒரே நேரம்

நூலகத்தில் ஒரே மேசை, வாரத்தில் ஒரே நாள் ஒரு மாணவர் மன்றம். பத்து இடத்துக்கு ஒருமுறை போவதைவிட ஓர் இடத்துக்குப் பத்து முறை போவதில்தான் முகங்கள் பழகும். வீட்டுக்குப் பேசவும் நேரம் குறித்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க வீடியோ காலில் இருந்தால் உடம்பு இங்கே, மனசு அங்கே.

படி 6: மனசில் சரிவு வந்தால்

1955-இல் ஸ்வெர்ரே லிஸ்கார்ட் என்ற சமூகவியலாளர், அமெரிக்கா போய்வந்த நார்வே உதவித்தொகையாளர்களை ஆராய்ந்தார். ஆறு மாதத்துக்குக் குறைவாகவோ ஒன்றரை ஆண்டுக்கு மேலாகவோ தங்கியவர்களைவிட, இடைப்பட்ட காலம் தங்கியவர்களே புது இடத்தோடு குறைவாகப் பொருந்தியிருந்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லோருக்கும் இந்தக் கணக்கு ஒத்துவரவில்லை என்றன. சிலருக்கு முதல் வாரமே இருட்டிக்கொண்டு வரும்.

எப்போது வந்தாலும் பல்கலைக்கழக மனநல ஆலோசகரிடம் நேரம் கேளுங்கள். பல இடங்களில் காத்திருப்போர் பட்டியல் நீளம். பெயரைக் கொடுத்துவிடுங்கள், அந்த நாள் வருவதற்குள் மனசு தெளிந்துவிட்டால் ரத்து செய்துகொள்ளலாம்.