கிணற்றடியில் தேய்த்துக் கழுவிய பல்லு

அக்காவின் மகனுக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மதவடிக்குப் பக்கத்தில் கிறவல் ரோட்டில் சைக்கிளோடு விழுந்து, மேல் முன்பல்லு ஒன்று வேரோடு கழன்று மண்ணுக்குள் போய்விட்டது. அம்மம்மா தேடி எடுத்தார், கிணற்றடிக்குக் கொண்டுபோய் தேங்காய்த் தும்பால் வேரைத் தேய் தேய் என்று தேய்த்து, கடதாசியில் சுற்றி என் கையில் தந்தார். ரோட்டுக்கு வந்து பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஒன்றரை மணித்தியாலம். கடதாசியை விரித்ததும் பல் வைத்தியரின் முகம் போன போக்கை இன்னும் மறக்கவில்லை. அழுக்கு என்று நாங்கள் தேய்த்து எடுத்ததில்தான் முழு விஷயமும் இருந்ததாம்.

பல்லு எலும்புக்குள் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது என்று நினைப்பதுதான் முதல் பிழை. வேருக்கும் தாடை எலும்புக்கும் இடையில் ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர் தடிப்பில் பிணைநார் இருக்கிறது. பல்லு கழன்றால் அதில் பாதி வேரோடு ஒட்டிக்கொண்டு வெளியே வரும். அது வெறும் கயிறு இல்லை, உயிருள்ள கலங்கள் (செல்கள்) நிறைந்தது. அந்தக் கலங்கள் நாரைக் கட்டும் கொலாஜன், அதை ஒழுங்காக அடுக்கப் பெரியோஸ்டின், புது இரத்தக்குழாயை வரவழைக்கும் விஈஜிஎஃப், எலும்பு கரைவதைத் தடுக்கும் ஆஸ்டியோபுரோட்டெஜெரின் என்று பல புரதங்களைச் சுரக்கின்றன. கலம் செத்தால் இந்தச் சுரப்பும் நின்றுவிடும்.

சரி, தண்ணீரில் போட்டால் என்ன? உடம்பின் உப்பளவு பச்சைத் தண்ணீரில் இல்லை, அதனால் கலத்துக்குள் தண்ணீர் புகுந்து ஊதி வெடிக்க வைக்கும். எங்கள் பக்கத்துக் கிணறு கொஞ்சம் சவர் என்பதால் தப்பலாம் என்று கணக்குப் போடாதீர்கள். காய விடுவதும் அதே அளவு கேடு. வெளியில் ஒரு மணித்தியாலம் காய்ந்தால் அந்தக் கலங்கள் பிழைப்பது அரிது. பல்லின் தலைப்பக்கத்தைப் பிடியுங்கள், வேரைத் தொடாதீர்கள், மண் இருந்தால் சில விநாடி மட்டும் அலசிவிட்டு அந்தக் குழிக்குள்ளேயே திருப்பி வைத்து ஒரு துணியைக் கடிக்கக் கொடுங்கள். பயமாக இருந்தால் சீனி போடாத ஆறிய பாலில் போட்டுக்கொண்டு ஓடுங்கள். வன்னியில் பாலுக்கா பஞ்சம்? மோரும் தயிரும் வேண்டாம், புளிப்பு கலத்துக்கு ஆகாது. பாலும் இல்லையென்றால் பிள்ளையின் துப்பலிலாவது ஊறட்டும். ஆனால் பாற்பல்லைத் திருப்பி வைக்கக் கூடாது, கீழே காத்திருக்கும் நிரந்தரப் பல்லுக்கு அது கெடுதல்.

இனி மற்றப் பக்கம். இதைப் பற்றி இணையத்தில் தேடினால் ‘ஸ்டெம் செல்லால் பல்லு முளைக்கும்’ என்று வந்து விழும், உடனே கொழும்புக்கோ சென்னைக்கோ போய் ஊசி போடலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். 2004இல் பிடுங்கிய ஞானப்பற்களின் பிணைநாரிலிருந்து குருத்துக் கலங்களை, அதாவது அந்த ஸ்டெம் செல்களை, பிரித்தெடுத்து, எலிகளில் வைத்துப் பார்த்தபோது வேர்ப்பூச்சும் நாரும் போன்ற இழையம் உருவானது உண்மை. முழுப் பல்லு இல்லை. அதற்குப் பிறகு, கலத்தையே வைப்பதை விட அது சுரப்பதை மட்டும் எடுத்துக் கொடுத்தால் போதாதா என்று ஆராயத் தொடங்கினார்கள். கலங்களை வளர்த்த திரவத்திலும், கலங்கள் வெளிவிடும் 30 முதல் 150 நனோமீற்றர் அளவுள்ள எக்ஸோசோம் என்ற நுண்பைகளிலும் அந்தச் சுரப்பு கிடைக்கும். இங்கே ஆய்வுக்காரருக்கே ஒரு பொறி இருக்கிறது: கலங்களை வளர்க்கப் பெரும்பாலும் மாட்டுக் கருவின் இரத்தத்திலிருந்து எடுத்த சீரம் ஊற்றுகிறார்கள். அதைச் சரியாகக் கழுவி எடுக்காமல் திரவத்தை அளந்தால், அளந்தது மனிதப் பல்லின் புரதமா மாட்டின் புரதமா என்றே தெரியாது. அதோடு பல்லைத் தந்தவரின் வயது, முரசில் (ஈறில்) அழற்சி இருந்ததா, ஒட்சிசன் எவ்வளவு என்பதைப் பொறுத்தும் சுரப்பு மாறும். ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு மருந்து வந்துவிட்டது என்று குதிப்பது அதனால்தான் பிழை.

அதற்காக எல்லாம் வெறும் கதை என்று தள்ளிவிடவும் வேண்டாம். பிணைநார்க் கலங்கள் சுரக்கும் எஃப்ஜிஎஃப்-2 என்ற வளர்ச்சிக் காரணியை ஆய்வுகூடத்தில் தயாரித்து, முரசு நோயால் கரைந்த எலும்புக்கு மருந்தாக ஜப்பான் 2016இல் அனுமதித்தது. ஆனால் பல்லில் கல்லு மாதிரி இறுகும் காரை படிந்து சீழ் பிடித்த இடத்தில் எந்தப் புரதத்தைக் கொட்டியும் பயனில்லை, முதலில் காரையை எடுக்க வேண்டும். எடுத்தால் பல்லு ஆடும் என்று எங்கள் ஊரில் அதற்கே போகாமல் இருக்கிறார்கள்! அந்தப் பல்லை அதுவரை பிடித்துக்கொண்டிருந்தது காரை, அவ்வளவுதான்.

புரதம் கூடினால் கூடுதல் நன்மை என்பதும் சரியில்லை. எலும்பைக் கரைக்கச் சொல்லும் ராங்க்எல்லையும் இதே கலங்கள்தான் சுரக்கின்றன. பல்லுக்குக் கம்பி போட்டவர்களுக்குப் பல்லு நகர்வது, அமுக்கப்படும் பக்கம் எலும்பு கரைந்து இழுபடும் பக்கம் புதிதாகக் கட்டுவதால். இரண்டும் வேண்டும், அளவோடு.

மருமகனின் பல்லை வைத்தியர் திருப்பி வைத்தார், வேர்ச் சிகிச்சையும் செய்தார், ஒரு வருடம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு நாள் கருவியின் பிடியால் தட்டிக் காட்டினார்: பக்கத்துப் பற்கள் மந்தமாகச் சத்தமிட, அது மட்டும் உலோகத்தில் தட்டினது மாதிரிக் கணீரென்றது. இடையில் நார் இல்லாததால் வேர் எலும்போடு ஒட்டிவிட்டது. இப்போது பதின்மூன்று வயது, மற்றப் பற்கள் தாடையோடு வளர்ந்து கீழே இறங்க, அது மட்டும் மேலேயே நிற்கிறது, படம் எடுக்கும்போது வாயை மூடிக்கொள்கிறான்.