எடைமேடை கம்ப்யூட்டரில் அப்பாச்சி: விண்டோஸ் 7-ல் நிறுவும் முறை

மன்னார்குடிப் பக்கம் பல அரிசி மில்களில் எடைமேடை ரூமில் இன்னும் விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்தான். எடை போடும் சாப்ட்வேர் அதில் ஓடுகிறது, அதனால் மாற்ற யாருக்கும் மனசு வராது. அதே மிஷினில் அப்பாச்சி (வெப் பக்கத்தை மற்ற மிஷின்களுக்குக் கொடுக்கும் சர்வர் சாப்ட்வேர்) போட்டுவிட்டால் குறுவை, சம்பா அறுவடை நேரத்தில் அன்றைய நெல் விலையை மில் வைஃபையில் இருக்கிற எல்லாப் போனிலும் காட்டலாம்.

விண்டோஸ் 7-க்கு பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14-ஓடு நின்றுபோனது. ஆகவே இந்த விலைப் பக்கம் மில் காம்பவுண்டைத் தாண்டக் கூடாது. "வீட்ல இருந்தே பாக்கணும் தம்பி, ரவுட்டர்ல திறந்து விடு" என்று முதலாளி கேட்பார். நான் செய்து தருவதில்லை.

முதலில் சர்வீஸ் பேக் 1 இருக்கிறதா, 32 பிட்டா 64 பிட்டா என்று பாருங்கள். அப்பாச்சி 2.4 ஜிப்பை இறக்கும் முன் அது எந்த விண்டோஸில் ஓடும் என்ற குறிப்பைப் படியுங்கள். இருப்பதிலேயே புதியதை அள்ளிக்கொண்டு வராதீர்கள். ஜிப்பை சி டிரைவில் நேராக விரியுங்கள். அடுத்து, அந்த ஜிப்புக்கு உரிய விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரன்டைமை, அதாவது அப்பாச்சி ஓடத் தேவையான துணைப் பைல்களை, போடுங்கள். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் மாட்டுவார்கள். ஏதோ டிஎல்எல் பைல் இல்லை என்று எரர் வந்து, அதன் பெயரில் 'சிஆர்டி' என்று இருந்தால், கண்ட தளத்தில் அந்த ஒற்றைப் பைலைத் தேடி இறக்காதீர்கள். மைக்ரோசாப்டின் கேபி 2999226 அப்டேட்டைப் போட்டால் தீர்ந்தது.

அப்பாச்சியின் அமைப்புகள் இருக்கும் கான்ஃப் பைலில் ரூட் பாதை, லிசன் (எந்த போர்ட் எண்), சர்வர்நேம் மூன்று வரியைத் திருத்தினால் போதும். பாதையில் முன்சாய்ந்த கோடுதான் போட வேண்டும், விண்டோஸ் பழக்கத்தில் பின்சாய்ந்ததைப் போட்டுவிடாதீர்கள். 80-ஆம் போர்ட்டை வேறு ஏதாவது சாப்ட்வேர் பிடித்திருந்தால் அப்பாச்சி எழும்பாது. போர்ட்டை யார் பிடித்திருக்கிறார்கள் என்று காட்டும் நெட்ஸ்டாட் கமாண்டில் பிஐடி (புரோகிராம் எண்) 4 என்று வந்தால் பெரும்பாலும் விண்டோஸின் சொந்த வெப் சர்வரான ஐஐஎஸ்தான். அதை நிறுத்துங்கள், இல்லையென்றால் லிசனை 8080 ஆக்குங்கள்.

அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து சர்வீஸாகப் பதியுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கரண்ட் போய்ப் போய் வரும். சர்வீஸாக இருந்தால் யாரும் லாகின் செய்யாமலே தானாக எழும்பும். பயாஸில் 'கரண்ட் வந்ததும் ஆன் ஆகு' என்ற அமைப்பையும் போட்டுவிடுங்கள். ஃபயர்வாலில் அந்த ஒரு போர்ட்டை மட்டும், அதுவும் பிரைவேட் நெட்வொர்க்குக்கு மட்டும் திறங்கள். ரவுட்டரில் இந்த மிஷினுக்கு ஐபி முகவரியை நிரந்தரமாக ஒதுக்குங்கள்.

இனி தமிழ். மில் கணக்கர் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்துப் பழகியவராக இருப்பார். அதை அப்படியே ஒட்டினால் போனில் 'நெல்' என்ற இடத்தில் ஆங்கில எழுத்தும் குறியுமாக வரும், ஏனென்றால் பாமினி எழுத்துரு போனில் கிடையாது. யூனிகோடில் அடிக்கச் சொல்லுங்கள். நோட்பேடில் சேமிக்கும்போது என்கோடிங்கில் யூடிஎஃப் 8 எடுக்கணும். ஆன்சியில் விட்டால் எழுத்தெல்லாம் கேள்விக்குறி ஆகிவிடும். சேமித்த பைல், அப்பாச்சி பக்கங்களை எடுத்துக் காட்டும் ஹெச்டிடாக்ஸ் போல்டருக்குள் போகட்டும்.

எல்லாம் முடிந்தும் "எனக்கு மட்டும் வரலையே அண்ணே" என்று ஒரு டிரைவர் வந்து நிற்பார். சர்வரைத் தொடாதீர்கள், அவர் போன் மொபைல் டேட்டாவில் இருக்கும்.