இரண்டு அரைகுறை மேனுவலை ஒன்றாக்காதீர்கள்

போன மாதம் ஒரு தம்பி படம் அனுப்பியிருந்தார். ஐபிஎம்மின் முதல் பர்சனல் கம்ப்யூட்டரான ஐபிஎம் 5150 ஒன்றைச் சீர்செய்து ஓட வைத்திருக்கிறார். அதன் உள்ளமைப்பை விளக்கும் ‘டெக்னிகல் ரெஃபரென்ஸ்’ மேனுவல் இரண்டு கிடைத்ததாம். இரண்டிலும் பக்கங்கள் குறைவு. “ரெண்டையும் சேத்து ஒரு முழுப் புத்தகமா ஆக்கிட்டேண்ணா” என்று எழுதியிருந்தார். படித்ததும் பகீரென்றது. பல வருடங்களுக்கு முன் நானும் இதையேதான் செய்தேன்.

பழைய தாளைப் பதமாகப் புரட்டுவது, வெயிலில் வைக்காமல் இருப்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். இந்த மேனுவல்களைச் சேர்ப்பவர்கள் செய்யும் மற்றத் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

இரண்டைக் கலப்பது

இவை தைத்த புத்தகங்கள் அல்ல. வளையம் வைத்த பைண்டரில் கோத்த தாள்கள். திருத்தம் வந்தால் பழைய தாளை உருவிவிட்டுப் புதியதைச் செருகலாம். அந்த வசதிதான் நம்மைக் கவிழ்க்கிறது.

முதல் பதிப்பு 1981 ஆகஸ்டில் வந்தது. 1984 ஏப்ரல் பதிப்பு வருவதற்குள் கணினியின் உள்ளே மதர்போர்டே, அதாவது முதன்மை சர்க்யூட் போர்டே, மாறிவிட்டது. முதலில் வந்த போர்டு 16 முதல் 64 கிலோபைட் ராம் (நினைவகம்) ஏற்கும். அடுத்தது 64 முதல் 256 வரை. முன்னதில் 4116 என்ற ராம் சிப், பின்னதில் 4164. இரண்டுக்கும் 16 கால்கள், பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஆனால் 4116-க்கு +12, +5, -5 என மூன்று மின்னழுத்தம் வேண்டும். அதன் எட்டாம் காலில் வருவது 12 வோல்ட். 4164-இன் அதே எட்டாம் காலுக்கு 5 வோல்ட்தான் வர வேண்டும்.

என்னுடையது பழைய போர்டு. கையில் இருந்த முதல் பதிப்பில் சர்க்யூட் படங்கள் சில இல்லை. அமெரிக்காவிலிருந்து இன்னொரு அரைகுறைப் பிரதியை வரவழைத்தேன். தபால் செலவு புத்தக விலையைத் தாண்டியது. அது பின்னால் வந்த பதிப்பு என்பதைக் கவனிக்கவில்லை. அட்டையில் அதே பெயர், தாளில் அதே துளைகள். ராம் படத்தை அதிலிருந்து எடுத்துச் செருகிவிட்டு, மிச்சத்தை வேறொருவருக்குக் கொடுத்தும்விட்டேன்.

சில மாதம் கழித்து ராமில் ஒரு வரிசை பழுதானது. பழைய சிப்களின் மேல் எண் தேய்ந்து போயிருந்ததால் படத்தை நம்பினேன். படம் 4164 என்றது. ஒரு வரிசைக்கு ஒன்பது சிப். ஒன்பதையும் புதிதாக வாங்கி சாக்கெட்டில் பொருத்தி ஸ்விட்சைப் போட்டேன். 5 வோல்ட் வர வேண்டிய காலில் 12 வோல்ட் ஏறியது. ஒன்பதும் செத்தன.

சிப் போன வருத்தம் ஆறிவிட்டது. பிரதிகள் போனது இன்னும் ஆறவில்லை. அரைகுறையோ முழுசோ, ஒவ்வொன்றும் ஒரு பதிப்பு எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி. கலந்த பிறகு எந்தத் தாள் எதைச் சேர்ந்தது என்று என்னாலேயே பிரிக்க முடியவில்லை.

குறையும் பக்கத்துக்கு அதே பதிப்பின் நகலை மஞ்சள் தாளில் எடுத்து வையுங்கள். மஞ்சளைப் பார்த்ததும் அசல் இல்லை என்று யாருக்கும் புரியும். வாங்கும் முன் பதிப்புத் தேதி அச்சிட்ட பக்கத்தின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். கணினியின் மூடியைக் கழற்றி, போர்டில் 16-64 என்றிருக்கிறதா, 64-256 என்றிருக்கிறதா என்று படியுங்கள்.

போர்டோடு நிறுத்திக்கொள்வது

போர்டை மட்டும் பார்த்தால் போதாது. கணினியைத் தொடங்கிவைக்கும் நிரல்தான் பயாஸ். அது இருக்கும் சிப்புக்குத் தனி வயது உண்டு. 1982 அக்டோபர் 27 தேதியிட்ட பயாஸ்தான் ஹார்டு டிஸ்க் கார்டில் இருக்கும் ரோமை (நிரல் பதிந்த சிப்பை) தேடிப் பார்க்கும். அதற்காகப் பழைய போர்டுகளிலும் அந்தச் சிப்பை மாற்றியிருக்கிறார்கள். மேனுவலில் அச்சிட்டிருக்கும் பயாஸ் நிரல் பட்டியல் உங்கள் சிப்புடையதுதானா என்று தேதியை வைத்துச் சரிபாருங்கள். பயாஸ் ரோமின் கடைசி பைட்களில் தேதி இருக்கும். டாஸுடன் வரும் டீபக் என்ற நிரலில் பார்க்கலாம்.

லேமினேஷன்

வேண்டவே வேண்டாம்.

உறை இல்லை என்று ஒதுக்குவது

வாங்குங்கள். பைண்டரைச் செருகி வைக்கும் அட்டை உறை பிறகு கிடைக்கும்.

நிறுத்தி வைப்பது

பைண்டரை நிறுத்தி வைத்தால் தாள்கள் வளையத்தில் தொங்கி, துளை கிழியும். படுக்க வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் ராமபாணப் பூச்சி வரும் என்று பயந்து அந்துருண்டை போடுகிறார்கள். அது சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும். பைண்டருக்குள் ஃபிளாப்பி டிஸ்க் வைக்கும் பிளாஸ்டிக் உறை இருந்தால் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும்.

பென்சில் எழுத்தை அழிப்பது

சுத்தம் செய்கிறேன் என்று ரப்பரை எடுக்காதீர்கள். பயன்படுத்துபவருக்கான ‘கைட் டு ஆபரேஷன்ஸ்’ மேனுவலின் என்னுடைய பிரதியில், ஸ்விட்ச் அமைப்புப் பக்கத்தின் ஓரத்தில் யாரோ பென்சிலில் ஆன், ஆஃப் என்று வரிசையாகக் குறித்திருக்கிறார்கள். போர்டிலிருக்கும் சின்ன ஸ்விட்சுகளில் ஏழாவது, எட்டாவதுதான் எத்தனை ஃபிளாப்பி டிரைவ் என்று கணினிக்குச் சொல்பவை. அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான், ஒரே டிரைவோடு என் கைக்கு வந்த இந்தக் கணினியில் முன்பு இரண்டு இருந்தன என்று தெரிந்துகொண்டேன். இரண்டாவதைத் தேடிப் பிடித்து மாட்டியபோது, அவர் எழுதியபடியே ஸ்விட்சுகளை வைத்தேன்.