அண்டார்டிகா டேட் தள்ளிப் போச்சா? ஊர்ல இருந்தே நேரத்தைப் போக்க சில வழி

பெட்டி கட்டியாச்சு, அம்மா முந்திரிக்கொத்து சுட்டு டப்பாவுல அடைச்சாச்சு, அண்டார்டிகா பயணத்தை நடத்துற ஆபீஸ் இருக்கிற கோவாவுக்கு திருவனந்தபுரத்துல இருந்து டிக்கெட்டும் போட்டாச்சு, அப்பதான் போன் வரும், "இப்ப கெளம்பாதீங்க, பிளைட் தள்ளுது, புது தேதி சொல்றோம்"னு. இந்தியாவோட அண்டார்டிகா குழுவுல மெக்கானிக், வெல்டர், சமையல், ஆராய்ச்சின்னு எதுக்கு செலக்ட் ஆகியிருந்தாலும் இந்த காத்திருப்பு வரத்தான் செய்யும், அதனால நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம்னு நம்ம பக்கத்துல இருக்கவங்களுக்கு இத எழுதுறேன்.

முதல்ல, ஏன் தள்ளுதுன்னு புரிஞ்சுக்கிட்டா பாதி எரிச்சல் போயிரும். தென்னாப்பிரிக்கா கேப் டவுன்ல இருந்து, அண்டார்டிகாவுல உள்ள நம்ம இந்திய ஆராய்ச்சி நிலையம் மைத்ரி பக்கத்துல உள்ள ரன்வேக்கு ஏறத்தாழ 6 மணி நேரம் பறக்கணும், அந்த ரன்வேயே பனிக்கட்டி மேல தான், காத்துல பனி பறந்துச்சுன்னா விமானிக்கு தரை எது வானம் எதுன்னு தெரியாது. விவேகானந்தர் பாறைக்கு வெயில் நல்லா அடிக்கும்போதே கடல் சரியில்லன்னு படகை நிறுத்துவாங்கள்ல, அதே கததான். ஆபீசுக்கு தினம் போன் போட்டா காத்து நிக்கப் போறதில்ல. காத்து, வானிலை காட்டுற விண்டி ஆப்ல மைத்ரி இருக்கிற 70 டிகிரி தெற்கு, 11 டிகிரி கிழக்கு பக்கம் காலையில ஒருதடவை பாருங்க, போதும், அதையே ராத்திரி வரைக்கும் நோண்டிட்டு இருந்தா தலைவலிதான் மிச்சம்.

கட்டின பெட்டிய திரும்பத் திரும்ப பிரிக்காதீங்க. ஒரே ஒரு வேலைக்கு மட்டும் பிரிக்கலாம், அது சுத்தம் பண்றதுக்கு. வெளி ஊர் விதை, மண்ணு எதுவும் அங்க போகக்கூடாதுன்னு ரொம்ப கண்டிப்பு, இந்தியாவே 2022ல அண்டார்டிகாவுக்குன்னு தனிச் சட்டம் போட்டிருக்கு. பழைய ஜாக்கெட்டோட வெல்க்ரோ பட்டைய வெளிச்சத்துல விரிச்சுப் பிடிங்க, அந்த குட்டிக் கொக்கிக்குள்ள நாயுருவி விதை, நூலு, முட்டம் பீச்சு மணல் எல்லாம் சிக்கிக் கெடக்கும். ஊசியால ஒண்ணொண்ணா நெம்பி எடுத்துட்டு காஞ்ச டூத் பிரஷ்ஷால தேய்ச்சா வந்துரும், ஷூ அடியில உள்ள பள்ளத்துக்கும் இதே வைத்தியம், பாக்கெட்ட வெளிப்புறமா திருப்பி உதறணும். சாயா குடிச்சிட்டே செஞ்சா ஒரு மத்தியானம் போனதே தெரியாது. முந்திரிக்கொத்து, ஊறுகாய் எல்லாம் எது கொண்டு போகலாம்னு கேட்டுட்டு மட்டும் வைங்க.

அடுத்தது என் சொந்த அபிப்பிராயம், இதுக்கு சிரிக்காதீங்க: தெரிஞ்ச சலூன்ல போய் உக்காந்து முடிவெட்ட படிங்க. குளிர்காலம் முழுக்க தங்குற ஆளுங்களுக்கு வெளிய சலூன் ஏது, ஒருத்தருக்கொருத்தர் தான் வெட்டிக்கணும், மெஷின்ல நம்பர் போட்ட சீப்பு மாத்தி காது ஓரம் எடுக்கத் தெரிஞ்சாலே உங்களுக்கு அங்க தனி மரியாதை. அதே மாதிரி அம்மாகிட்ட உள்ளித்தீயல் கத்துக்கோங்க, தேங்காய எந்த நெறம் வர வறுக்கணும்னு பக்கத்துல நின்னு பாத்தாதான் புரியும், யூடியூப்ல பாத்துக்கலாம்னா அங்க நெட்டு நம்ம வீட்டு வைஃபை மாதிரி இருக்காது. பாட்டு, படம், புக்கு எல்லாத்தையும் இப்பவே ஹார்ட் டிஸ்க்ல ஏத்திருங்க. பல்லு லேசா கூசுதுன்னாலும் இன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டிருங்க.

கெளம்புறதுக்கு முன்னாடி உத்தரகாண்ட் ஆவுலி பனிமலையில குடுத்த டிரெயினிங்ல ஏத்தின உடம்பு இறங்கிரக்கூடாது, அதனால தினம் நடக்கணும். மாத்தூர் தொட்டிப்பாலம் நல்ல இடம், 115 அடி உயரத்துல காத்து வாங்கிட்டே போய்ட்டு வரலாம். சிதறால் மலை ஏறலாம், பத்மநாபபுரம் அரண்மனைக்கு திங்கக்கிழமை மட்டும் போகாதீங்க, லீவு. கோதையாறு மேல எல்லாம் வேண்டாம், டவர் கிடைக்காது, அந்த நேரம் பாத்துதான் போன் வரும். பந்து விளையாடி கால மடக்கிக்கிறது, மழைத்தண்ணியில செருப்பில்லாம நடந்து எலிக்காய்ச்சல இழுத்துக்கிறது ரெண்டும் கூடாது, மெடிக்கல் முடிஞ்சது எல்லாம் வீணாயிரும்.

"இன்னும் போகலியா மக்கா?"ன்னு தெருவுல நாலு பேரு கேப்பாங்க. "காத்து விடல"ன்னு மட்டும் சொல்லிட்டு நடங்க, புதுத் தேதிய யாருக்கும் சொல்லாதீங்க, அதுவும் மாறலாம். ரெண்டாவது தடவை விருந்து வச்சு வழியனுப்ப விடவே விடாதீங்க, அம்மா இன்னொருதடவை அழுவாங்க.

கேப் டவுன் வரைக்கும் போயி அங்க மாட்டிக்கிட்டா, டேபிள் மலை கேபிள் கார நம்பி பிளான் போடாதீங்க, காத்தடிச்சா அதையும் நிறுத்திருவாங்க. சைமன்ஸ் டவுன் பக்கத்துல போல்டர்ஸ் பீச்சுல பென்குயின் பாக்கலாம், முக்கியமா மைத்ரி போறவங்க பாத்துட்டே போங்க, மைத்ரி கடல்ல இருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உள்ள இருக்கு, பென்குயின் வாசல்ல வந்து நிக்காது. ஆனா டீம் லீடர்கிட்ட சொல்லிட்டு, போன்ல சார்ஜ் போட்டுட்டு போங்க.